காகிதக் குற்றம்தானே?

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா கடைசியாகப் பயணம் செய்த விமானத்தை, அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த டேவிட் ஹெண்டர்சன் ஓட்டவில்லை. அந்த இரவில் அவர் மனைவியோடு பாரிசில் விடுமுறையில் இருந்தார். ஆனாலும் 2021 நவம்பர் 12ஆம் தேதி கார்டிஃப் கிரௌன் நீதிமன்றம் அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. விமானத்தை ஓட்டிய டேவிட் இபட்சனுக்கு வயது 59. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த வழக்கில் ஹெண்டர்சன் தரப்பு வைத்த ஒரு வாதத்தை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வதற்கான ஆப்பரேட்டர் சான்றிதழ் அவரிடம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது காகிதம் சம்பந்தப்பட்ட விவகாரம், அதனால் விமானத்துக்கு ஆபத்து கூடிவிடாது என்றார்கள்.

நான் விமானப் பராமரிப்பு என்ஜினீயர். செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை என்ஜின் விமானங்களைப் பிரித்து மாட்டுவதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வேலை முடிந்ததும் லாக் புக்கில் என்ன செய்தோம் என்று எழுதி, லைசென்ஸ் எண்ணோடு கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் பறக்கக் கூடாது. மழை வரும்போல இருக்கிறது, பையன் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்துவிடட்டும், காகிதத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களோடு சண்டை போட்டே எனக்குக் 'கறார் பேர்வழி' என்று பெயர் வந்தது. அதனால்தான் இந்த வழக்கின் ஒவ்வொரு தாளையும் தேடிப் படித்தேன். காகிதம் எங்கே எங்கே இல்லாமல் போனதோ, அங்கெல்லாம் ஓர் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பும் சேர்ந்தே போயிருக்கிறது.

சாலா அர்ஜென்டினாக்காரர், 28 வயது. பிரான்சின் நாந்த் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த அவரை, வேல்ஸின் கார்டிஃப் சிட்டி 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்த கிளப்பின் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. கையெழுத்தெல்லாம் முடிந்தபின், பழைய சகாக்களிடம் விடைபெற நாந்த் போனார். திரும்பி வரும் விமானம் 2019 ஜனவரி 21ஆம் தேதி காலை 9 மணிக்கு என்று முதலில் ஏற்பாடு. சாலா கேட்டுக்கொண்டதால் அதை இரவுக்கு மாற்றினார்கள்.

பத்து மணி நேரம் தள்ளிப்போட்டது ஒரு பயணி கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான சலுகை. நண்பர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் இபட்சனுக்கு இரவில் பறக்கத் தகுதி இல்லை. நிறக்குருடு காரணமாக அவருடைய லைசென்ஸ் பகல் பறப்புக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. சான்றிதழ் பெற்ற ஒரு நிறுவனம் இதை நடத்தியிருந்தால், நேரம் மாறிய அந்த நிமிடமே ரோஸ்டரில் இருப்பவர் பணியாளர் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார். இந்த விமானி இரவுக்கு ஆக மாட்டார், வேறு ஆளைப் போடு அல்லது பயணத்தை மறுநாளைக்கு வை என்று சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியது அவர் வேலை. இங்கே அப்படி ஓர் ஆளே இல்லை. பயணி கேட்டார், ஏற்பாட்டாளர் சரி என்றார், விமானி இருட்டில் கிளம்பினார்.

இருட்டைத் தாண்டியும் குறை உண்டு. ஒற்றை பிஸ்டன் என்ஜின் விமானங்களை ஓட்டும் அவருடைய தகுதியே 2018 நவம்பரில் காலாவதியாகிவிட்டது. அவரிடம் இருந்தது தனியார் விமானி லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு மனைவி மக்களை, நண்பர்களை ஏற்றிச் செல்லலாம். பெட்ரோல், தரையிறங்கும் கட்டணம் போன்ற நேரடிச் செலவைப் பயணிகளோடு பகிர்ந்துகொள்ளவும் பிரிட்டனில் இடமுண்டு, விமானியும் தன் பங்கைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கூலி வாங்க மட்டும் கூடாது. நம் ஊரில் ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவதற்கும் டி போர்டு வண்டி ஓட்டுவதற்கும் உள்ள அதே வித்தியாசம். ஆனால் சாலையில் அது பெரும்பாலும் வரி, இன்சூரன்ஸ் பிரச்னை. ஆகாயத்தில் அப்படி இல்லை. வணிக விமானிக்குப் பல மடங்கு பயிற்சி, குறிப்பிட்ட இடைவெளியில் தேர்வாளரின் முன் பறந்து காட்டும் கட்டாயம், மருத்துவச் சோதனையில் கூடுதல் கெடுபிடி, வானிலை எந்த அளவுக்குக் கீழே போனால் கிளம்பக் கூடாது என்ற எழுத்துப்பூர்வமான எல்லை எல்லாம் உண்டு. இன்னொன்றும் உண்டு: ஐரோப்பிய விதிகளின்படி அந்தப் பயணத்தை, அந்த விமானத்தில், எவ்வளவு திறமையான வணிக விமானி வந்தாலும் நடத்தியிருக்க முடியாது. ஒற்றை பிஸ்டன் என்ஜினை நம்பிக் கட்டணப் பயணியை இரவில் ஏற்றிச் செல்ல அனுமதியே கிடையாது.

இதைத்தான் காகித விவகாரம் என்றார்கள்.

விமானம் 1984இல் கட்டப்பட்ட பைப்பர் மாலிபு. அமெரிக்கப் பதிவு. ஏறி உட்கார்ந்த சாலா, இது உதிர்ந்து விழுந்துவிடும் போலிருக்கிறது என்று நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினார். புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், கெர்ன்சி தீவுக்கு வடமேற்கே விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. சிதைவைத் தேடிக் கண்டுபிடித்தது பிப்ரவரி 3ஆம் தேதி. சாலாவின் உடலை மட்டும் மீட்டார்கள்.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. மேகத்தைத் தவிர்க்கத் திருப்பியபோதோ, மேகத்திலிருந்து வெளியே வர முயன்றபோதோ விமானி கட்டுப்பாட்டை இழந்திருக்கிறார். விமானம் அதன் வடிவமைப்பு தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி, ஆகாயத்திலேயே உடைந்திருக்கிறது. சாலாவின் ரத்தத்தில், கார்பன் மோனாக்சைடு கலந்ததைக் காட்டும் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவு 58 சதவீதம். 50ஐத் தாண்டினாலே ஆரோக்கியமானவருக்கும் உயிராபத்து என்பது மருத்துவக் கணக்கு. அதே கேபினில் இருந்த விமானியும் கார்பன் மோனாக்சைடை ஓரளவாவது சுவாசித்திருப்பார் என்பது அறிக்கையின் முடிவு. 2022 மார்ச்சில் மரண விசாரணை நடத்திய ஜூரி, விபத்தின்போது சாலா ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார் என்று முடிவு சொன்னது.

இது என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சின்ன விமானத்தில் கேபினைச் சூடாக்க ஹீட்டர் என்று தனியாக ஒன்று இருக்காது. என்ஜினின் எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு தகர உறை. வெளிக்காற்று உறைக்கும் குழாய்க்கும் நடுவே ஓடிச் சூடாகி, ஒரு வளையும் ஹோஸ் வழியாகக் கேபினுக்குள் வரும். மாலிபு காற்றழுத்தக் கேபின் கொண்டது, அமைப்பு இன்னும் சிக்கல். ஆனால் சூடு வரும் இடம் அதே எக்ஸாஸ்ட்தான். அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் புகை காற்றோடு கலந்து உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. முதலில் தலைவலி, பிறகு தூக்கம் வருவதுபோல ஓர் அசதி.

விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது எளிய வேலை. முதலில் தகர உறையைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்ப்பது பார்த்ததாகாது. பற்றவைத்த இடங்களில் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்போம். விரிசல் இருந்தால் குமிழி வரும். நம் ஊர்ச் சூட்டில் ஹீட்டர் கைப்பிடியை யாரும் இழுப்பதில்லை, இதற்கு எதற்கு அரைநாள் என்று இளைஞர்கள் கேட்பார்கள். அதே விமானம் நாளைக்கு வடக்கே விற்கப்பட்டு, டிசம்பர் குளிரில் யாரோ ஒருவர் அந்தக் கைப்பிடியை இழுப்பார் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொன்ன பதில்.

சாலா போன விமானத்தில் கசிவு எங்கே என்பது உறுதியாகவில்லை. சிதைவைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவரவில்லை. ஆனால் நச்சுவாயு வந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி அதில் இல்லை என்பதும், வணிகப் பயணத்துக்குரிய பாதுகாப்புத் தரத்தில் அந்தப் பயணம் நடத்தப்படவில்லை என்பதும் விபத்துக்குத் துணைபோன காரணங்களாக அறிக்கையில் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியைப் பயணி ஏற்றும் பிஸ்டன் விமானங்களில் கட்டாயமாக்கும் உத்தரவு பிரிட்டனில் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி ஹெண்டர்சன். நீதிமன்றத்தில் வெளிவந்த குறுஞ்செய்திகளைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறது. 2018 கோடையில் இபட்சன் இரண்டு முறை வான்வெளி எல்லையை மீறிப் புகார் வந்தது. விமானத்தைப் பார்த்துக்கொண்டவர் இனி இவர் என் விமானத்தைத் தொடக் கூடாது என்று ஹெண்டர்சனிடம் தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகும் ஹெண்டர்சன் அவரையே அனுப்பினார். வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தாமலும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கண்ணில் படாமலும் இருந்தால் இந்தத் தொழிலில் நாம் இருவரும் காசு பார்க்கலாம் என்ற பொருளில் இபட்சனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். விமானம் காணாமல் போன செய்தி வந்ததும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, வாயைத் திறக்காதீர்கள் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லிவைத்தது.

விதி தெரியாமல் செய்தவருக்கு ஆணையத்தின் கண்ணைப் பற்றி என்ன கவலை? அவருக்கு எல்லாம் தெரியும். தானே ஓட்ட முடியாதபோது கைக்கு எட்டிய ஆளை உட்கார வைத்தார். ஜூரி 10க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவரைக் குற்றவாளி என்றது. உரிய அனுமதியில்லாமல் பயணியை ஏற்றிச் செல்ல முயன்ற இன்னொரு குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார், அதற்கு 3 மாதம், ஏககாலத்தில். முதல் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 5 ஆண்டு.

விமானத்தில் ஏறாத ஒருவரை, பயணத்தை நடத்தியவர் நீதான் என்று பிடித்தது அந்தத் தீர்ப்பின் பெருமை. விமான விபத்து நடந்தால் பெரும்பாலும் பழி விமானியின் தலையோடு முடிந்துவிடும். செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார், கோப்பு மூடப்படும். இங்கே மூடவில்லை. பிரிட்டன் ஆணையத்தையும் அரசுத் தரப்பையும் அதற்காகப் பாராட்டுகிறேன். ஆனால் 18 மாதம் போதாது என்பதே என் கருத்து. தடைசெய்யப்பட்ட விமானியைத் தெரிந்தே அனுப்பியவர், பணத்துக்காக அனுப்பியவர், நடந்தபின் மறைக்கப் பார்த்தவர். இந்த மூன்றும் சேர்ந்த பிறகும் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் தண்டனை நின்றால், இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் மற்றவர்கள் என்ன கணக்குப் போடுவார்கள்? மாட்டினால் ஒன்றரை வருடம், அதிலும் பாதி வெளியே. மாட்டாத வரை லாபம்.

தனியார் விமானிகள் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மணிக்கணக்காக வாடகை கட்டிப் பறக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகாயத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பாசம் பெரிய கம்பெனிப் பைலட்டுகள் பலரிடம் இருக்காது. அவர்கள் செய்யும் தவறுக்கெல்லாம் கோர்ட்டு, ஜெயில் என்று கிளம்பினால் நடப்பது ஒன்றுதான்: யாரும் எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்கா இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அங்கே 1976 முதல் நாசா ஓர் அறிக்கைத் திட்டத்தை நடத்துகிறது. தெரியாமல் விதி மீறிய விமானி 10 நாளுக்குள் நடந்ததை எழுதி அனுப்பினால், நாசா பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் பதிவு செய்யும். பிறகு விதிமீறல் நிரூபிக்கப்பட்டாலும், அது வேண்டுமென்று செய்ததாகவோ கிரிமினல் குற்றமாகவோ இல்லாவிட்டால், பொதுவாக லைசென்ஸ் நிறுத்தமோ அபராதமோ இருக்காது. நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஜான் வேய்ன் விமான நிலையத்தில் ரன்வே என்று நினைத்து டாக்சிவேயில் இறங்கினார். கீழே 110 பயணிகளோடு ஒரு ஜெட் காத்துக்கொண்டிருந்தது, அதன் தலைக்கு மேலே பறந்துபோய் இறங்கினார். உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, தவறு செய்தது நான்தான் என்றார். விசாரணைக்குப் பிறகு தண்டனை எதுவும் இல்லை. நட்சத்திரம் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று பேசியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த முடிவு சரி. மறைக்காமல் சொன்ன விமானியை வதைத்தால், அடுத்து டாக்சிவேயில் இறங்குகிறவர் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

அதே கலிஃபோர்னியாவில் ட்ரெவர் ஜேக்கப் செய்தது நேர் எதிர். 2021 நவம்பரில் யூடியூப் வீடியோவுக்காகத் தன் பழைய டெய்லர்கிராஃப்டிலிருந்து பாராசூட்டோடு குதித்து, ஆளில்லா விமானத்தைக் காட்டில் விழ விட்டார். என்ஜின் நின்றுவிட்டது என்று கதை கட்டினார். 2022 ஏப்ரலில் லைசென்ஸ் ரத்தானது. அதோடு விட்டிருப்பார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் சிதைவு எங்கே கிடக்கிறது என்று தெரியாது என விசாரணையாளர்களிடம் சொல்லிவிட்டு, ஹெலிகாப்டர் வைத்து அதைத் தூக்கிவந்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத்தொட்டிகளில் போட்டிருந்தார். 2023 டிசம்பரில் 6 மாதச் சிறை, புலனாய்வைத் தடுத்ததற்காக. அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு உச்சம் 20 ஆண்டு.

சாலா வழக்கை இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் அது ஃபோர்டின் பக்கம் வராது. அங்கே பிசகு என்று ஒன்றும் இல்லை. முடிவுகள் மட்டுமே இருந்தன, ஒவ்வொன்றும் பணத்தைப் பார்த்து எடுத்தவை. இரண்டு வான்வெளி மீறல்கள் என்ற எச்சரிக்கை மணி ஆறு மாதம் முன்பே அடித்துவிட்டது. அப்போதே ஆணையம் நேரில் போய், இவர் யாருக்காகப் பறக்கிறார், யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், இபட்சனின் லைசென்ஸ் சில மாதம் முடங்கியிருக்கும். அவர் உயிரோடு இருந்திருப்பார். கடுமை என்று நான் சொல்வது அந்த இடத்தில் வர வேண்டிய கடுமை. கட்டணப் பறப்பின் வாடை அடித்தால், விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல் கதவைத் தட்டுகிற கடுமை.

நம் நாட்டிலும் தனியார் விமானி லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்கக் கூடாது. 2020 திருத்தத்தில் அபராத உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்திருக்கிறது. எண்கள் பெரிதாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு வேண்டியது இன்னொன்று. சாலா ஒரு பயணி. அவர் டிக்கெட் வாங்கவில்லை, பேரம் பேசவில்லை. யாரோ ஏற்பாடு செய்த விமானத்தில், ஏற்பாடு செய்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பி ஏறினார். விமானத்தை வாடகைக்குப் பேசுகிற நிறுவனம், ஏஜென்ட், கல்யாண வீட்டுக்காரர், கட்சி அலுவலகம் யாராக இருந்தாலும், பணம் கொடுக்குமுன் ஆப்பரேட்டரின் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களும் குற்றவாளிகள் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர வேண்டும். தனக்கென்று பேசுகிற தனி மனிதருக்குச் சலுகை கொடுக்கலாம். பிறருக்காகப் பேசுகிறவருக்குக் கொடுக்கக் கூடாது.

இதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. வாடகை விமானம் நடத்த அனுமதி பெற்றவர்களின் பட்டியலை, நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பறக்கப்போகும் விமானத்தின் பதிவெண் அந்த அனுமதியில் இருக்கிறதா என்று கேட்க இன்னும் ஒரு நிமிடம். எண்ணைச் சொல்லத் தயங்கினால், அந்த விமானத்தில் ஏறாதீர்கள், யாரையும் ஏற்றியும் விடாதீர்கள்.